சம்பும் அதன் கதிருக்குள் வாழும் அந்துப்பூச்சியும்: ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

குளிர்காலம் முடிகிற நேரத்தில் ஒரு சம்புக் காட்டைப் பார்த்தால் பெரும்பாலான கதிர்கள் மொட்டையாக நிற்கும். பஞ்சு முழுக்கக் காற்றோடு போயிருக்கும். நடுக்குச்சி மட்டும் மிச்சம். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கதிர்கள், பிய்ந்த தலையணை மாதிரிப் பஞ்சைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். காற்றடித்தாலும் போகாது, மழை பெய்தாலும் போகாது. அந்தப் பஞ்சைப் பிடித்து வைத்திருப்பது செடி அல்ல, உள்ளே இருக்கும் ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள்.

ஓர் அந்துப்பூச்சி இனத்தையும் ஒரு சதுப்புநிலக் காட்டுச் செடியையும் ஒப்பிடச் சொன்னால் யாருக்கும் முதலில் கை ஓடாது. எனக்கும் ஓடவில்லை. இறகுக்கு எதிரே இலை, காலுக்கு எதிரே வேர் என்று ஒரு அட்டவணை போட்டேன். நான்காவது வரியில் உணர்கொம்புக்கு எதிரே என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உறுப்புக்கு உறுப்பு வைத்தால் இப்படித்தான் முட்டுச்சந்தில் நிற்போம். இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் சிக்கல்களை எடுத்துக்கொண்டால் கதையே வேறு. மூச்சுவிட வேண்டும், குளிரைத் தாண்ட வேண்டும், வேறு இடத்துக்குப் பரவ வேண்டும், அடுத்த தலைமுறையை விட்டுச் செல்ல வேண்டும். இந்த ஒவ்வொன்றையும் இது எப்படிச் சமாளிக்கிறது, அது எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டால் பக்கம் பக்கமாக எழுதலாம்.

இந்த வழிகாட்டியில் எடுத்துக்கொண்டிருக்கும் ஜோடி, அகன்ற இலைச் சம்பும் அதன் விதையைத் தின்று வாழும் ஒரு சிறிய அந்துப்பூச்சியும். வேறு ஜோடியை எடுத்தாலும் முறை இதேதான்.

முதல் படி: பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்

வேலையின் பாதித் தவறு இங்கேதான் நடக்கும். சம்பு, கோரை, நாணல் மூன்றும் நீரோரத்தில் நெட்டையாக நிற்பதால் பேச்சில் ஒன்றுக்கொன்று மாறிவிடும். சம்பையே சம்பங்கோரை என்பவர்களும் உண்டு. தாவரவியலில் மூன்றும் வேறு வேறு குடும்பம். சம்பு டைஃபேசியே, கோரை சைப்பரேசியே, நாணல் புல் குடும்பம். பழுப்பு நிறத்தில் உருளையாக, குச்சியில் செருகிய மெழுகுவர்த்தி மாதிரி கதிர் இருந்தால் அது சம்பு.

சம்பிலும் பல இனங்கள் உண்டு. நாம் எடுத்திருப்பது டைஃபா லாட்டிஃபோலியா. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர். அகன்ற இலை என்று பொருள். இதன் உறவுக்காரச் செடி டைஃபா அங்குஸ்டிஃபோலியா, குறுகிய இலை உடையது. இரண்டையும் பிரிக்க இலையைவிடக் கதிரைப் பார்ப்பது நல்லது. ஆண் பூக்கள் மேலே, பெண் பூக்கள் கீழே. அகன்ற இலைச் சம்பில் இந்த இரண்டு பகுதிகளும் ஏறக்குறைய ஒட்டியே இருக்கும். குறுகிய இலைச் சம்பில் நடுவே சில சென்டிமீட்டர் வெறும் தண்டு தெரியும். இரண்டும் கலந்து உண்டாகும் கலப்பினமும் இருக்கிறது, அதில் எல்லா அளவும் நடுவாந்தரமாக வரும். அப்படி ஒன்று மாட்டினால் ‘சம்பு, இனம் உறுதியில்லை’ என்று எழுதிவிட்டுப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்துப்பூச்சியின் பெயர் லிம்னேசியா ஃபிராக்மிடெல்லா. 1851இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் விவரித்த இனம், காஸ்மாப்டெரிஜிடே குடும்பம். இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபிராக்மிட்டிஸ் என்றால் நாணல். ஆனால் இது வாழ்வதோ சம்புக் கதிரில். பெயரை நம்பி நாணல் காட்டில் தேடினால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். அறிவியல் பெயர் ஓர் அடையாளச் சீட்டு மட்டுமே. அதிலிருந்து பூச்சியின் பழக்கத்தை ஊகிக்கக் கூடாது.

இன்னொரு சொல்: அந்து என்றதும் நெல்லில் விழும் அந்துதான் பலருக்கு நினைவு வரும். இது தானியத்துக்கு வரும் பூச்சி அல்ல. வீட்டுக்குள் கொண்டுவந்தாலும் அரிசிப் பானையைத் தொடாது.

இரண்டாம் படி: காலத்தை ஒரே வட்டத்தில் போடுங்கள்

ஒரு வட்டம் வரைந்து 12 மாதங்களாகப் பிரியுங்கள். உள்வட்டத்தில் பூச்சி, வெளிவட்டத்தில் செடி. கீழே சொல்லும் மாதங்கள் ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளுக்கானவை. வேறு இடத்தில் மாதம் நகரும், வரிசை நகராது.

செடியின் பக்கம்: வசந்தத்தில் சேற்றிலிருந்து புதுத் தளிர். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பூ. மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். அதன்பின் ஆண் பகுதி உதிர்ந்து மேலே வெறும் குச்சி நிற்கும். பெண் பகுதி பழுப்பாகித் தடிக்கும். இலையுதிர் காலத்தில் விதை முற்றும். குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சு பிரிந்து பறக்கும்.

பூச்சியின் பக்கம்: கோடையில் தாய்ப்பூச்சி கதிரில் முட்டையிடும். பொரிந்த புழுக்கள் உள்ளே புகுந்து விதைகளைத் தின்னத் தொடங்கும். குளிர்காலத்தைக் கதிருக்குள்ளேயே கழிக்கும். வசந்தத்தில் மீண்டும் தின்னும். பிறகு கதிரிலோ தண்டிலோ வெண்மையான கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரை பூச்சியாக வெளிவரும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை.

இரண்டு வட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். பூச்சி பறக்கிற மாதங்களும் செடி பூக்கிற மாதங்களும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே விழும். பூச்சி வாழ்கிற கதிர் ஒன்று, முட்டையிடப் போகிற கதிர் வேறு. போன வருடக் கதிரிலிருந்து வெளிவந்து இந்த வருடக் கதிரில் முட்டையிடுகிறது. அட்டவணையில் இது தெரியாது, வட்டத்தில்தான் தெரியும். அதனால்தான் அட்டவணைக்கு முன்னால் வட்டம் போடச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: கதிரைக் கையில் எடுத்துப் பாருங்கள்

எடுத்துப் போக வேண்டியவை: 10 மடங்கு காட்டும் கைலென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், வெள்ளைத் துணி ஒன்று, காகிதப் பைகள், பென்சில், நோட்டு. பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஊறிவிடும். கரையிலிருந்து எட்டுகிற கதிர் போதும். சம்பு நிற்கிற இடத்தில் தரை மாதிரித் தெரிவது பெரும்பாலும் தரையாக இருக்காது; பழைய தண்டுகள் மிதந்து கிடக்கும், கீழே சேறு. தனியாகப் போகாதீர்கள். நிலம் யாருடையதோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வசந்தத்தின் தொடக்கம் தோதான நேரம். இரண்டு கதிர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று இன்னும் பிரியாமல் கெட்டியாக இருப்பது, இன்னொன்று பிய்ந்தும் பறக்காமல் தொங்குவது.

கெட்டியான கதிரைக் கட்டைவிரலால் ஒரு இடத்தில் அழுத்தித் திருகினால், அதுவரை அடங்கிக் கிடந்தது ஒரே நொடியில் பொங்கும். உள்ளங்கை அளவுக் கதிரிலிருந்து ஒரு கூடைப் பஞ்சு வரும். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக, எந்தப் பிடிப்பும் இல்லாமல் விலகும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

இப்போது தொங்குகிற கதிர். இதைப் பிய்த்தால் பொங்காது. பிடித்து இழுத்தால் மொத்தையாக வரும், பழைய கம்பளித் துண்டைக் கிழிக்கிற மாதிரி. இரண்டு பிடியாகப் பிரித்து மெதுவாக விலக்கினால் நடுவே மிக மெல்லிய நூல்கள் நீண்டு, வெளிச்சத்தில் ஒரு கணம் மின்னி, அறும். அதுதான் புழுவின் பட்டு. அந்த மொத்தைக்குள் பொடியாக எச்சம் கிடக்கும், உள்ளீடு தின்னப்பட்ட வெறும் விதைத் தோல்கள் கிடக்கும். இன்னும் உள்ளே, நடுக்குச்சிக்கு அருகில், ஒரு சென்டிமீட்டர் அளவில் வெளிறிய புழு. உடல் நீளத்துக்குப் பழுப்புக் கோடுகள் ஓடும். ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திப் பொறுமையாகத் தேடுங்கள். ஒரே கதிரில் பல புழுக்கள் இருப்பது சகஜம்.

பார்த்தபின் ஒரே ஒரு கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் இந்தப் புழுக்களைக் கொத்தித் தின்ன வரும் சிறு பறவைகள் இருக்கின்றன. பட்டாணிக்குருவி இனங்கள் கதிரில் தொங்கிக்கொண்டு பஞ்சைக் கிளறுவதைப் பார்க்கலாம்.

நான்காம் படி: வேலைக்கு வேலை வைத்து ஒப்பிடுங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்தியாக மடியுங்கள். இடப்பக்கம் சிக்கல், நடுவில் செடி, வலப்பக்கம் பூச்சி. நான் நிரப்பிய வரிகளில் முக்கியமானவற்றை விரித்துச் சொல்கிறேன்.

மூச்சு. எனக்கு மிகவும் பிடித்த வரி இது. சம்பின் அடிப்பகுதி ஆக்சிஜன் இல்லாத சேற்றில் புதைந்திருக்கிறது. அங்கே உயிரோடு இருக்க வேண்டுமானால் மேலிருந்து காற்று இறங்க வேண்டும். ஒரு இலையைக் குறுக்கே வெட்டி லென்ஸில் பாருங்கள்: தேன்கூட்டு அறைகள் மாதிரி வெற்றிடங்கள். காற்றறைத் திசு என்பது இதுதான். இலையைக் கையில் எடுத்தால் அதன் அளவுக்கு எடையே இல்லாமல் இருப்பதும் இதனால்தான். காற்று தானாகக் கசிந்து இறங்குவதோடு நிற்கவில்லை. இளம் இலைகளுக்குள் அழுத்தம் உண்டாகி, காற்று கீழே சேற்றுத் தண்டு வரை தள்ளப்பட்டு, மூத்த இலைகள் வழியாகவும் ஒடிந்த இலைகள் வழியாகவும் வெளியேறுகிறது. காய்ந்த இலை வீண் என்று நினைக்கிறோம், அது புகைபோக்கி வேலை பார்க்கிறது.

பூச்சியின் பக்கம்? அதுவும் காற்றைக் குழாய் வழியாகத்தான் கொண்டுபோகிறது. உடலின் பக்கவாட்டில் சுவாசத் துளைகள், அவற்றிலிருந்து கிளைகிளையாகப் பிரியும் மூச்சுக்குழல்கள். நம் உடலில் ஆக்சிஜனை இரத்தம் சுமக்கிறது. பூச்சியில் குழல்களே நேராகத் திசுவரை கொண்டுசேர்க்கின்றன. ஒன்று விலங்கு, ஒன்று தாவரம், ஆனால் காற்றைக் காற்றாகவே உள்ளே அனுப்பும் உத்தி இரண்டிலும் இருக்கிறது. இறகு, இலை என்று எழுதிக்கொண்டிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

தாங்கி நிற்பது. செடியின் ஒவ்வொரு செல்லுக்கும் செல்லுலோஸ் சுவர். பூச்சிக்கு உடலுக்கு வெளியே கைட்டின் கவசம். செடி புதிதாகச் சேர்த்துக்கொண்டே வளரலாம். புழு வளர வேண்டுமானால் பழைய சட்டையைக் கழற்ற வேண்டும். மொத்தையைக் கிளறும்போது உரித்துப் போட்ட தலை ஓடுகள் கிடைத்தால் அதைத் தனியாக ஒட்டி வையுங்கள்.

உணவு. இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. செடி வெளிச்சத்தில் தயாரிக்கிறது, புழு அதைத் தின்கிறது. ஒரு வரி போதும்.

பரவுதல். சம்பின் பழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதன் காம்பிலிருந்து நீளமான மயிர்கள் விரிந்து காற்றில் மிதக்க வைக்கின்றன. தண்ணீரில் விழுந்து நனைந்ததும் பழத்தோல் பிளந்து விதை கீழே இறங்கும். மிதக்கவும் வேண்டும், சரியான இடத்தில் மூழ்கவும் வேண்டும். இரண்டையும் இத்தனை சிறிய பொருளில் அடக்கியிருக்கிறது. அந்துப்பூச்சியின் இறகை லென்ஸில் பார்த்தால் அங்கேயும் மயிர். பின்னிறகு மிகக் குறுகலாக இருக்கும், அதன் ஓரத்தில் இறகைவிட அகலமான மயிர்க்கரை. விதைக்கும் பூச்சிக்கும் உறவே இல்லை. இருந்தாலும் உருவம் சிறியதாகும்போது காற்றைப் பிடிக்க மயிர்க்கற்றையே போதுமானதாகிவிடுகிறது.

இங்கேதான் இரண்டின் கணக்கும் மோதுகிறது. செடிக்குப் பஞ்சு பறக்க வேண்டும். புழுவுக்குப் பஞ்சு பறக்கக் கூடாது. அதுதான் அதன் சாப்பாடு, கூரை, கம்பளி எல்லாம். அதனால் பட்டால் தைத்து வைக்கிறது. பட்டு புரதம், பஞ்சு செல்லுலோஸ். பட்டைப் பொசுக்கினால் முடி கருகும் வாசம் வரும், பஞ்சைக் கொளுத்தினால் காகிதம் எரிகிற வாசம். இந்தச் சோதனையைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சம்புப் பஞ்சு பொசுக்கென்று பற்றிக்கொள்ளும். சம்புக் காட்டுப் பக்கம் தீப்பெட்டியே வேண்டாம்.

சரி, விதை போனால் செடிக்கு நஷ்டம்தானே? இதற்குப் பதில் சொல்ல அடுத்த படிக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் படி: எண்ணுங்கள், ஆனால் எதை எண்ணுகிறீர்கள் என்று கவனியுங்கள்

பூச்சியை எண்ணுவது சுலபம். ஒரு புழு என்றால் ஒன்று. சம்பை எண்ணுவதில்தான் தகராறு. சேற்றுக்குள் மட்டநிலத் தண்டு படுத்து ஓடி, அங்கங்கே மேலே தளிர் விடும். கரையில் நிற்கிற நமக்கு ஐம்பது செடி. சேற்றுக்குள் போய்ப் பார்த்தால் ஒரே செடியாக இருக்கலாம். ஆகவே ‘50 செடிகள்’ என்று எழுதாதீர்கள், ‘50 தண்டுகள்’ என்று எழுதுங்கள். ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் அது இல்லாவிட்டால் ஒப்பீடு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

விதைக் கணக்கு இப்படி: பிரியாத கதிரின் நீளத்தை அளந்து, அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு ஒரு வில்லை அறுங்கள். சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் நனைத்துவிட்டால் பஞ்சு பறக்காது. வில்லையை 16 சம பங்காக்கி ஒரு பங்கை மட்டும் வெள்ளைத் துணியில் பரப்பி எண்ணுங்கள். அதில் 300 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 16ஆல் பெருக்கினால் வில்லைக்கு 4,800. 15 சென்டிமீட்டர் கதிரில் இப்படி 30 வில்லைகள், ஆக 1,44,000. நம்ப முடியவில்லை என்றால் இன்னொரு பங்கை எண்ணிப் பாருங்கள். அகன்ற இலைச் சம்பின் ஒரு கதிரில் ஒரு லட்சத்துக்கு மேல் விதை இருப்பது வழக்கம்தான், 2 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு.

இப்போது நஷ்டக் கேள்விக்கு வருவோம். ஒரு பக்கம் லட்சக்கணக்கான விதை, இன்னொரு பக்கம் விதையே இல்லாமலும் சேற்றுக்குள் படர்ந்துகொண்டே போகும் தண்டு. சில கதிர்களைப் புழு தைத்து வைத்துக்கொண்டால் அந்தச் சம்புக் காடு சுருங்கிவிடாது. பூச்சியின் நிலை அப்படியல்ல. அதற்கு இரண்டாவது வழி கிடையாது. ஆணும் பெண்ணும் சந்தித்து, முட்டையிட்டால்தான் உண்டு. உறவு ஒன்றுதான், ஆனால் பூச்சிக்குச் சம்பு எல்லாமே, சம்புக்குப் பூச்சி ஒரு சிறு செலவு. ஒப்பீட்டில் இந்த ஏற்றத்தாழ்வைக் கட்டாயம் எழுதுங்கள். ‘இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை’ என்று அழகுக்கு எழுதிவிடாதீர்கள்.

ஆறாம் படி: வளர்த்துப் பாருங்கள்

எடுத்து வந்த கதிரை அகலமான கண்ணாடி ஜாடியில் நிறுத்தி வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். முதல் முறை நான் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு வைத்தேன். பத்து நாளில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பூத்துவிட்டது, ஒரு புழுவும் மிஞ்சவில்லை. இன்னொரு முறை ஜாடியை மூடாமல் அறையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மேஜை, திரைச்சீலை, சட்டைப்பை எல்லாம் பஞ்சு. அதைத் துடைப்பத்தால் பெருக்க முயன்றது அடுத்த முட்டாள்தனம். ஈரத்துணிதான் ஒரே வழி.

ஜாடியை வெளியே, நிழலில், மழை படாத இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் வெதுவெதுப்பாக வைத்தால் பூச்சி முன்னதாகவே வெளிவந்துவிடலாம், அப்போது உங்கள் வட்டத்தில் தேதி பொய்யாகிவிடும். வாரம் ஒரு முறை ஒரு பீச்சு தண்ணீர் போதும்.

வெளிவரும் பூச்சி, இறகு விரித்தால் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இருக்கும். முன்னிறகு வைக்கோல் நிறம், அதில் பழுப்புத் தீற்றல், வெள்ளை வளையம் கட்டிய இரண்டு கரும்புள்ளிகள். காய்ந்த சம்பு இலைமேல் உட்கார்ந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். அளந்து, படமெடுத்து, அன்று மாலையே கதிர் எடுத்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

இந்த அந்துப்பூச்சி உங்கள் பகுதியில் கிடைக்கவில்லையா? வேறு ஜோடி எடுத்துக்கொள்ளலாம். நோனாக்ரியா டைஃபே என்ற பெரிய அந்துப்பூச்சியின் புழு சம்புத் தண்டுக்குள் துளைத்து வாழ்கிறது. எலோஃபிலா நிம்ஃபியாட்டா என்ற இனத்தின் புழு மிதக்கும் இலைகளில் நீள்வட்டமாகத் துண்டு வெட்டி, அதையே கூடாக்கிக்கொண்டு தண்ணீரில் திரிகிறது. அதை எடுத்தால் மூச்சு வரியை இன்னும் பெரிதாக எழுத வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: எழுதும்போது

முதலில் பூச்சி முழுவதும், பிறகு செடி முழுவதும் என்று எழுதாதீர்கள். படிப்பவர் இரண்டாவது பாதிக்கு வரும்போது முதல் பாதியை மறந்திருப்பார். ஒவ்வொரு சிக்கலையும் எடுத்து இரண்டையும் அதே பத்தியில் நிறுத்துங்கள். அளவுகளுக்கு ஒரே அலகு. 20 மில்லிமீட்டர் பூச்சி, 2 மீட்டர் செடி என்று எழுதுவதைவிட ‘செடியின் உயரத்தில் நூறு பூச்சிகளை இறகு விரித்து வரிசையாக ஒட்டலாம்’ என்றால் உடனே புரியும். நீங்கள் நேரில் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வேறு வேறு நிறத்தில் எழுதிவைத்தால், பிறகு யாராவது கேட்கும்போது திணற வேண்டியிருக்காது.

பூச்சிகள் எல்லாம் போனபின் ஜாடியில் இருக்கும் கதிரைத் தூக்கி எறிய வேண்டாம். புழு தின்னாமல் விட்ட விதைகள் அதில் இருக்கும். லென்ஸில் பார்த்து முழுசாக இருப்பவற்றில் 50 பொறுக்குங்கள். புழு இல்லாத கதிரிலிருந்தும் 50. இரண்டு தட்டுகளில் சேறு பரப்பி, மேலே தண்ணீர் லேசாக நிற்கும்படி வைத்து, மண்ணுக்குள் புதைக்காமல் தூவிவிடுங்கள். சம்பு விதைக்கு வெளிச்சம் வேண்டும். எந்தத் தட்டில் எத்தனை முளைக்கிறது என்று மூன்று நாளுக்கு ஒரு முறை எண்ணி, அதே நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.